உடைந்த மனசைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தால் நம் ஊரில் சிரிப்பார்களா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். திருவிழாவில் இந்த வருடம் பாட்டுக் கச்சேரிக்குப் பதிலாக ஊர்ப் பிள்ளைகளே ஒரு மணி நேர நாடகம் போடக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. அமெரிக்க நாடகம் ஒன்றின் காட்சியை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதில் ஒரு பெண் தன் உடைந்த இதயத்தைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அந்த மாதிரி விளையாட்டும் மாயமும் கலந்த காதல் காட்சிகளை நம் பக்கம் போட்டால் எடுபடுமா, இல்லை "என்னடா லூசுத்தனமா இருக்கு" என்று எழுந்து போய்விடுவார்களா என்று கேட்கிறீர்கள். சனத்துக்குப் புரியுமா என்ற சந்தேகமாக எழுதியிருந்தாலும், உங்கள் பயம் வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. மாமன் மச்சான், பழைய வாத்தியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்று காதலைப் பேசக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு இந்த விளையாட்டு ஒரு மறைப்பாக உதவுமா என்பதுதான் உள்ளே கிடக்கிற கேள்வி. விளையாட்டு எடுபடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை மறைப்பாக வைத்துக்கொண்டால் நாடகம் படுத்துவிடும். நான் நாடகத்தை முறையாகப் படித்துவிட்டு, மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கம் பள்ளிகளிலும் திருவிழா மேடைகளிலும் பல வருடமாகப் பிள்ளைகளை நாடகம் போட வைத்துக்கொண்டிருப்பவன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது ஜான் கரியானி எழுதிய 'ஆல்மோஸ்ட், மெயின்' நாடகமாகத்தான் இருக்க வேண்டும். 2004இல் மெயின் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் முதலில் மேடையேறியது. 2006இல் நியூயார்க்கில் போட்டபோது ஒரு மாதம்போலத்தான் ஓடியது. அப்புறம் பள்ளிகளும் சின்ன ஊர்க் குழுக்களும் எடுத்துப் போடப் போட, அந்த நாட்டுப் பள்ளிகளில் மிக அதிகமாக மேடையேறும் நாடகங்களில் ஒன்றாகிவிட்டது. பெரிய செட் தேவையில்லை. நான்கு பேர் இருந்தாலே எல்லா வேடத்தையும் மாற்றி மாற்றிக் கட்டிவிடலாம்; பத்தொன்பது பேர் இருந்தாலும் ஆளுக்கொரு வேடம் கொடுக்கலாம். வரைபடத்தில் இல்லாத ஒரு குளிர் ஊர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி, தனித்தனியான ஒன்பது குட்டிக் காட்சிகள். வாய்ப்பேச்சாக நாம் சொல்கிற ஏதோ ஒன்று ஒவ்வொரு காட்சியிலும் நிஜமாகவே நடந்துவிடும். மனசு உடைந்தது என்றால் பைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். காதலில் விழுந்தவன் பொத்தென்று தரையில் விழுவான், எழுந்தால் மறுபடி விழுவான். நான் கொடுத்த அன்பையெல்லாம் திருப்பிக் கொடு என்று கேட்க வருகிற ஒருத்தி, தான் வாங்கிய அன்பை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவாள்.

அதில் எனக்கு மிகப் பிடித்தது ஆரம்பம்தான். பெஞ்சில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது உன்னிடம் நெருங்கி இருக்கிறேன் என்கிறாள் அவள். அவன் ஒரு பனி உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்கிறான்: உலகம் உருண்டை, மறுபக்கமாகச் சுற்றிப் போனால், ஒட்டி உட்கார்ந்திருப்பவர்தான் உலகத்திலேயே தூரத்தில் இருப்பவர். அவள் யோசித்துவிட்டு எழுந்து விலகி நடக்கிறாள். அவன் கணக்குப்படி, விலகுகிற ஒவ்வொரு அடிக்கும் அவள் நெருங்கிக்கொண்டிருக்கிறாள். நாடகத்தின் நடுவில் ஒருமுறை அவன் அங்கேயே காத்திருப்பதைக் காட்டுகிறார்கள். கடைசியில் அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர்கிறாள்.

இந்த நாடகத்தில் யாரும் வாயைப் பிளப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பையில் இதயத்தைக் கொண்டுவந்தவளிடம் "கிண்டல் பண்றியா?" என்று யாரும் கேட்பதில்லை. எதிரில் நிற்பவன் சாமான்களைப் பழுதுபார்ப்பவன். ஆகவே அதையும் பழுதுபார்க்கலாம் என்று பார்க்கிறான். இந்த வகை நாடகத்துக்கு நான் பிள்ளைகளிடம் சொல்கிற ஒரே சட்டம் இது: ஒரு காட்சிக்கு நடக்காத காரியம் ஒன்றே ஒன்று, மிச்சமெல்லாம், பேச்சு, பசி, கடன், மூக்கில் வடிகிற சளி உட்பட, அச்சு அசல் நிஜம். மாயத்தை நம்பாமல் கண்ணடித்துக்கொண்டே நடித்தால், அதாவது அதை ஒரு மறைப்பாக வைத்துக்கொண்டால், அப்போதுதான் கூட்டம் "லூசுத்தனம்" என்கிறது.

இதை நம் சனத்துக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. கோடைக்குக் கோடை இந்த மாவட்டத்தில் எத்தனை ஊரில் வள்ளி திருமணம் நடக்கிறது! சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வடிவம். ஸ்பெஷல் நாடகம் என்கிறோமே, அதில் ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஓர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டவர்கள் அன்று சாயந்திரம்தான் ஒன்றுகூடுவார்கள். ஒத்திகையே கிடையாது. கதை மேடைக்கும் தெரியும், தரைக்கும் தெரியும் என்பதால் அது முடிகிறது. அந்தக் கதையில் என்ன நடக்கிறது? தினைப்புனம் காக்கிற பெண்ணிடம் வேடனாக வந்து முருகன் வாயாடுகிறான். அவள் அப்பன் வந்ததும் வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்கிறான். அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, அவள் பயந்து கிழவனையே கட்டிக்கொள்கிறாள். காதலில் இதைவிடப் பெரிய விளையாட்டு உண்டா? நான் பார்த்த ஒரு மேடையில் ராஜபார்ட் ஒரு வேப்பங்குலையைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார், அதுதான் வேங்கை மரம். அவருக்கு அன்று இருமல். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பேரனிடம், "மரம் இருமுது பாரு" என்றார். அந்தப் பக்கமே சிரித்தது. ஆனால் வள்ளியின் அப்பன் நம்பிராஜன் வந்து அந்த மரத்தடியில் நின்றதும் கப்சிப். ஒரே மூச்சில் சிரிக்கவும் நம்பவும் தெரிந்த சனம் இது. வேப்பங்குலையை மரம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் பைக்குள் இதயம் இருப்பதையும் ஏற்றுக்கொள்வார்கள்.

இன்னும் பின்னால் போனால் மடலேறுதல் இருக்கிறது. பெண்ணைக் கொடுக்காவிட்டால், பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூவைச் சூடிக்கொண்டு, ஊர்த் தெருவில் ஏறி வருவேன் என்பான் சங்கப் பாட்டின் தலைவன். குறுந்தொகையில் பேரெயின் முறுவலார் அதை நான்கே அடியில் சொல்லி முடித்துவிடுகிறார். பனைமட்டைக் கருக்கு எப்படி அறுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வேடம் இருக்கிறது, கையில் பொருள் இருக்கிறது, ஊரே பார்க்க வேண்டும் என்ற நோக்கம் இருக்கிறது; இதுவே ஒரு தெருநாடகம்தான். திருப்புல்லாணியைப் பாடிய திருமங்கையாழ்வாரோ, ஆண்கள்தான் மடலேறுவார்கள் என்ற வழக்கத்தையும் தள்ளிவிட்டு, பெண் குரலில் மடலேறுவேன் என்று இரண்டு திருமடல் பாடிவைத்தார். சரி, இன்றைக்கு உங்கள் ஊரில் ஒருவன் மடலேறினால்? பையன்கள் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார்கள். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து முதல் கேள்வியாக, "மட்டைய எங்க பனங்காட்டு வடலியிலயா வெட்டுன?" என்பார். பத்து நிமிடக் காட்சி ஒன்று இங்கேயே கிடைத்துவிட்டது.

நொண்டி நாடகம் என்ற பழைய வகையையும் தேடிப் பாருங்கள். தாசியிடம் மயங்கிக் காசையெல்லாம் விட்டு, குதிரை திருடப் போய் மாட்டி, காலை இழந்தவன் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளித் தன் கதையைத் தானே பாடுவான். கடைசியில் அருளால் கால் வரும். நம் கரையிலேயே அதில் இரண்டு இருக்கின்றன, கீழக்கரை வள்ளலின் பேரில் சீதக்காதி நொண்டி நாடகம், பக்கத்திலேயே திருப்புல்லாணி நொண்டி நாடகம். காதல் என்பதைவிட மயக்கம்தான் அவற்றின் விஷயம் என்பதால் உங்கள் நாடகத்துக்கு நேராக உதவாது. ஆனால் பட்ட அடியைத் தானே கேலி செய்துகொண்டு சொல்கிற அந்தத் தொனி இருக்கிறதே, அதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம்.

கூச்சத்துக்கு வருகிறேன். அதை ஒளிக்க வேண்டாம், மேடைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத சேதுபதி பேரில் அமிர்த கவிராயர் பாடிய ஒருதுறைக்கோவை முழுக்க ஒரே ஒரு கணம்தான்: பெண் வெட்கப்பட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அதற்கு 400 பாட்டு! இராமநாதபுரத்து அவையில் அது தாங்கியிருக்கிறது என்றால், உங்கள் மேடையில் ஒரு பெண் பத்து நிமிடம் கையால் கண்ணை மூடிக்கொண்டே தேங்காய் துருவலாம், தண்ணீர் தூக்கலாம், மாப்பிள்ளையிடம் பேசலாம். பார்ப்பவர்களுக்கு அலுக்காது.

அமெரிக்கக் காட்சிகளை அப்படியே எடுத்துப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த ஊரில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் கிடப்பது பனியும் தனிமையும். நம் கரையில் ஆட்களைப் பிரிப்பது வேறு. தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைப் பக்கம் போனால் சில சமயம் செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தானே. அதை வைத்துப் பிள்ளைகளோடு ஒரு காட்சி செய்தோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூல், நடுவில் ஒரு முழம் இடைவெளி. சுற்றிப் பார்க்கிற சாக்கில் பெண் பார்க்க வந்த இடம். நேரில் பேச வெட்கமாக இருக்கிறது, போனில் பேசுங்கள் என்கிறாள். அவன் கூப்பிடுகிறான், போகவில்லை. அவள் கேட்கிறாள்:

"உங்க போன் எங்கங்க இருக்கு?"

"தலைமன்னார்ல."

"எப்ப வரும்?"

"தெரியல. பாஸ்போர்ட் இல்லாம போயிருச்சு. பிடிச்சு வச்சிருப்பாங்க."

கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அதே குரலில், "எங்க அண்ணனும் அப்படித்தான் போச்சு" என்பாள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்கள் உள்ள வீடுகள் நிறைந்த கரை இது. விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துவிட்டு ஸ்டூலை அரை முழம் நகர்த்திப் போடுவான். காட்சி அவ்வளவுதான். போனுக்குக் கால் முளைத்ததாக இருவரும் பேசிக்கொள்வதைத் தவிர அதில் மாயம் எதுவும் இல்லை.

இப்படி உங்கள் ஊரிலேயே கிடைக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அத்தனை நாளும் வீட்டிலேயே கிடக்கிற புருஷனைப் பெண்டாட்டிக்கு அடையாளமே தெரியவில்லை. எந்த ஊர், என்ன தொழில், கல்யாணம் ஆயிருச்சா என்று விசாரிக்கிறாள். வளைகுடாவில் இருந்து வருகிறவரை வீடியோ காலில் மார்புவரைதான் பார்த்திருக்கிறார்கள். ஏர்போர்ட்டில் அவருக்குக் கால் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை பயந்துபோகிறது. தொண்டி, கீழக்கரை வீடுகளில் இது பாதி நிஜம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரைச் சனமும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். போன வருடம் பாதியில் விட்ட சண்டையை அதே வார்த்தையிலிருந்து தொடர்கிற இரண்டு பேர் அங்கே இருந்தால் எப்படி இருக்கும்? எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: மேடையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் எதிரில் இருப்பவரிடம் ஏதோ ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு மாயம் வைத்தாலும் துணுக்குத் தோரணம்தான். கடைசியில் மைக்கைப் பிடித்து "அன்புதான் பெரிது" என்று ஒருவர் பேசுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எழுத ஆள் இல்லை என்றால் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவிடம் போங்கள். 1888–89இல் அவர் எழுதிய ஓரங்க நாடகம் ஒன்றில், பெண் கேட்க வந்தவன் கேட்க வந்ததை மறந்து, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் கிடக்கும் புல்வெளி யாருடையது என்று அவளோடு சண்டை போடுவான். அது ஓய்ந்ததும் யார் நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. அவள் அப்பா கையைப் பிடித்துச் சேர்த்து வைத்த பிறகும் வாய் ஓயாது. புல்வெளியை வடலிக்காட்டு எல்லையாக்குங்கள். நாய்க்குப் பதிலாகப் பாய்மரப் போட்டியில் யார் வத்தைப் படகு முந்தியது என்று வையுங்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவைப் போட்டுவிட்டால் இன்னும் சூடு ஏறும்.

மேடை விஷயம் சுருக்கமாக. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் படுதா நிற்காது, லேசான சாமான் பறக்கும், மைக்கில் காற்று இரையும். ஆகவே மேடை காற்றுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். கையிலிருக்கும் பொருள் கடைசி வரிசைக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருக்க வேண்டும். உடைந்த மனசை நான் ஒரு மீன்கூடையில் வைத்திருப்பேன், கைப்பையில் அல்ல. நவீன நாடகத்தில் வருகிற நீண்ட மௌனங்கள் இங்கே வேண்டாம். ஐந்து நொடி யாரும் பேசாவிட்டால் மைக்செட்காரர் எழுந்து ஒயரைப் பார்க்க வந்துவிடுவார். காட்சிகளுக்கு நடுவில் பபூன் போல ஒருவர் வந்து நாலு வார்த்தை பேசிப் போகலாம், ஆனால் முடிந்த காட்சிக்கு அவர் விளக்கம் சொல்லக் கூடாது.

இதுவரை சொன்னது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. இனி வருவதில் எனக்கே தயக்கம் உண்டு. சாதி, மதம் தாண்டிய காதலை இந்த வடிவத்தில் சொல்லலாமா என்று நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதுதான் என் விருப்பம். விளையாட்டாகச் சொன்னால் கோபம் வராது என்று சிலர் நினைக்கிறார்கள்; எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கேலி கலந்தால் சில ஊரில் கோபம் கூடத்தான் செய்யும். உங்கள் ஊரில் கமிட்டி யார், போன வருடம் என்ன தகராறு நடந்தது, நடிக்கிற பெண்பிள்ளை மறுநாள் தெருவில் நடமாட முடியுமா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அந்த முடிவை வெளியூர்க்காரனான நான் எடுக்கக் கூடாது. பெண் வேடத்தைப் பெண்களே கட்டுவதுதான் நல்லது என்பேன். வீட்டில் பேசி, ஒத்திகைக்கு யாராவது ஓர் அக்காவோ அத்தையோ கூட இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அப்புறம், நான் கையாண்டதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நாடகம். இதை ராத்திரி முழுக்க நீட்டுவதென்றால் பழைய ஸ்பெஷல் நாடகக்காரர் ஒருவரைக் கேளுங்கள், அது அவர்கள் தொழில்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. கரியானியின் நாடகத்தை மொழிபெயர்த்துப் போட உரிமை வாங்க வேண்டும். டிக்கெட் இல்லாத திருவிழாவாக இருந்தாலும் கேட்டுவிடுவதே முறை. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை. அதனால் செக்கோவும் (மறைவு 1904) சங்கரதாஸ் சுவாமிகளும் யாருக்கும் சொந்தம்தான். ஆனால் செக்கோவின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்தால் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு, பாருங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை தடை. திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்தித் தர மாநில அரசுக்கு வருடத்துக்கு 15 நாள் வரை அதிகாரம் இருக்கிறது. தளர்வு கிடைத்தாலும் நீங்கள் எட்டு மணிக்கே தொடங்குவதுதான் நல்லது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் அதற்குமேல் உட்கார மாட்டார்கள். கமிட்டியில் ஏலத்தையும் மரியாதை செய்வதையும் நாடகத்துக்கு முன்னால் வைப்போம் என்பார்கள். அதைப் பின்னால் தள்ளச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள்.